உறைபனியில் உருளைக்கிழங்கு கருகுகிறது, பக்கத்துப் பாத்தி கேரட் எப்படித் தப்பிக்கிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் உங்கள் தோட்டம். போன வாரம் விடியற்காலையில் உறைபனி விழுந்து, நீர்போகத்துக்கு, அதாவது பாசனத்தை நம்பிய பருவத்துக்குப் போட்ட உருளைக்கிழங்கு ஒரே ராத்திரியில் கருகிவிட்டது. ஓடையை ஒட்டிய தேயிலையிலும் மேல் கொழுந்தெல்லாம் கருத்துப்போய்விட்டது. ஆனால் அதே பள்ளத்தில் நாலு பாத்தி தள்ளி நின்ற கேரட்டும் முட்டைக்கோஸும் காலையில் வெள்ளையாகப் பனி பூத்து நின்றன, பத்து மணிக்கெல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்துவிட்டன. பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகன், "தண்ணீர் ஐஸானால் பெருக்கும், அதனால் செல் சவ்வு வெடித்துவிடும், ஃப்ரீசரில் வைத்த பாட்டில் மாதிரி" என்று வகுப்பில் சொன்னதை வீட்டில் வந்து சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் கேரட்டுக்குள் இருப்பது தண்ணீர் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி விவசாயக் கேள்வி மாதிரி இருந்தாலும், நீங்கள் கேட்பது செல் சவ்வு என்றால் என்ன, குளிரில் அதற்கு என்ன ஆகிறது என்பதுதான். நான் தாவர உடலியல் படித்து, பல வருஷம் இந்த மலையிலேயே கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன். எங்கள் வீட்டுக்கும் கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலை உண்டு, அதனால் இந்தக் கவலை எனக்கும் புதிதில்லை. முதலில் நேராகப் பதில்: நம் தோட்டத்தில் விழுகிற உறைபனியில் ஐஸ் பெரும்பாலும் செல்லுக்கு உள்ளேயே போவதில்லை. வெளியே உருவாகி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொள்கிறது. செல் வெடிப்பதற்கு முன்னால் சுருங்குகிறது. அந்தச் சுருக்கத்தையும், பனி உருகியதும் மறுபடி உப்புவதையும் சவ்வு தாங்குகிறதா இல்லையா என்பதுதான் உருளைக்கும் கேரட்டுக்கும் உள்ள வித்தியாசம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் ஏன் என்று புரியும்.

சவ்வு என்றதும் பலர் மனதில் வருவது வெங்காயத் தோல் மாதிரி ஒரு தாள். தாவர செல்லில் அப்படி விறைப்பாக இருப்பது செல் சுவர், செல்லுலோஸால் ஆனது, அது வேறு. அதற்கு உட்புறம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் செல் சவ்வு. அதன் தடிமன் 7 அல்லது 8 நானோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை லட்சத்துக்கு மேல் கூறு போட்டால் கிடைக்கிற ஒரு துண்டு. அது பாஸ்போலிப்பிட் என்கிற கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் ஒரு தலை, தண்ணீரை வெறுக்கும் இரண்டு வால். தண்ணீரில் விட்டால் அவை தானாகவே இரண்டு வரிசையாக நின்றுகொள்ளும், வால்கள் உள்பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி, தலைகள் இரண்டு வெளிப்பக்கமும் தண்ணீரைத் தொட்டபடி. யாரும் கோத்துக் கட்டவில்லை, பசையும் இல்லை. தண்ணீர் சுற்றிலும் இருப்பதுதான் அந்த வரிசையைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இது இரட்டை வரிசை என்பது 1925-லேயே கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் சொன்னது. ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீர் மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால் அவர்கள் கொழுப்பை முழுசாக எடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைவாகவே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை சரியாக அமைந்துவிட்டது. உங்கள் மகன் பாடப்புத்தகத்தில் பார்க்கிற படம், அந்தக் கொழுப்பு வரிசைக்கு நடுவே புரதங்கள் மிதக்கிற மாதிரி வரைந்திருப்பார்களே, அது 1972-ல் சிங்கர், நிக்கல்சன் என்ற இருவர் முன்வைத்த ஃப்ளூயிட் மொசைக் என்ற மாடல். அதில் முக்கியமான சொல் ஃப்ளூயிட், அதாவது ஓடுகிற தன்மை. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1970-ல், ஃப்ரை, எடிடின் என்ற இருவர் ஒரு மனித செல்லையும் எலி செல்லையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தார்கள். முதலில் மனிதப் புரதம் ஒரு பாதியிலும் எலிப் புரதம் மறுபாதியிலும் இருந்தது. உடம்புச் சூட்டில், 37 டிகிரியில், சுமார் 40 நிமிஷத்தில் இரண்டும் சவ்வு முழுக்கக் கலந்துவிட்டன. குளிர வைத்தபோது கலப்பது மந்தமாகி ஏறத்தாழ நின்றே போனது. நம் விஷயத்துக்கு இந்தக் கடைசி வரிதான் தேவை: சவ்வு ஓடிக்கொண்டிருக்க ஒரு வெப்பம் வேண்டும்.

ஏன் குளிரில் இறுகுகிறது? ஊட்டியில் டிசம்பர் மாசத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைக்காமல் தலைக்கு எடுக்க முடியாது, அதே அலமாரியில் சூரியகாந்தி எண்ணெய் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சவ்வில் நடப்பதும் இதேதான். கொழுப்பு அமிலத்தின் வால் நேராக இருந்தால் பக்கத்து வாலோடு நெருங்கி அடுக்கிக்கொண்டு இறுகும். நடுவில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அந்த இடத்தில் வால் மடங்கிவிடும், நெருங்கி அடுக்க முடியாது, ஓடிக்கொண்டே இருக்கும். 18 கார்பன் உள்ள கொழுப்பு அமிலங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பே இல்லாத ஸ்டீரிக் அமிலம் உருகுவது சுமார் 69 டிகிரியில். ஒரு மடிப்பு உள்ள ஒலீயிக் அமிலம் 13 டிகிரி வாக்கில். இரண்டு உள்ள லினோலீயிக் மைனஸ் 5, மூன்று உள்ள லினோலெனிக் மைனஸ் 11. சவ்வுக்குள் இவை தனியாக இல்லாமல் பாஸ்போலிப்பிட்டின் பாகமாக இருப்பதால் இதே எண்கள் அப்படியே பொருந்தாது, ஆனால் போக்கு அதுதான். குளிருக்குப் பழகுகிற செடி தன் சவ்வில் மடிப்புள்ள வால்களைக் கூட்டிக்கொள்கிறது. இது பல செடிகளில் திரும்பத் திரும்ப அளந்து பார்க்கப்பட்டது.

இனி பாடத்தில் வருகிற அரை ஊடுருவல், அதாவது சவ்வு சிலவற்றை மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பது பற்றி. நடுவில் எண்ணெய் இருப்பதால், எண்ணெயில் கரைகிற பொருள் சுலபமாகப் போய்விடும், பொட்டாசியம் மாதிரி மின்னேற்றம் உள்ள அயனி போகவே முடியாது. சர்க்கரையும் கிட்டத்தட்ட அப்படித்தான். இவற்றுக்கென்று புரதத்தால் ஆன தனிக் கதவுகளும் பம்புகளும் உண்டு, அவற்றை ஓட்ட செல் தன் சக்தியைச் செலவழிக்கிறது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பு வழியாகவே கசியும், ஆனால் வேகமாகப் போவது அக்வாபோரின் என்கிற கால்வாய்ப் புரதம் வழியாக. 1992-ல் பீட்டர் ஆக்ரே அதைக் காட்டினார், 2003-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரு அக்வாபோரின் வழியாக ஒரு நொடியில் நூறு கோடிக்கு மேல் தண்ணீர் மூலக்கூறு போகும், ஆனால் ஒரு ஹைட்ரஜன் அயனிகூட நுழையாது. அதனால் தண்ணீர் எந்தப் பக்கமும் போய்வரலாம், உப்பும் சர்க்கரையும் உள்ளேயே நிற்கும். உருளைக்கிழங்கு இலை விறைப்பாக நிற்பதே இந்த ஏற்பாட்டால்தான்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். மேகம் இல்லாத, காற்று அசையாத ராத்திரி. இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. கனமான குளிர்காற்று சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டுத் தேயிலை தப்பி, ஓடையோரத் தேயிலை அடிபடுகிறது. ஆள் உயரத்தில் தொங்கும் தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டும்போதே தரையோரம் புல்லில் வெள்ளை பூத்திருக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஐஸ் முதலில் எங்கே உருவாகிறது என்றால் இலையின் மேல், அப்புறம் இலைக்குள்ளே செல்களுக்கு இடைப்பட்ட வெளியில். அங்கே இருக்கும் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் குறைவு, அதனால் முதலில் உறைவது அதுதான். தண்ணீர் 0 டிகிரிக்கு வந்ததும் உடனே ஐஸாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், ஐஸ் தொடங்க ஒரு பொட்டு வேண்டும். இலை மேல் வாழ்கிற சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா தன் மேல்தோலில் உள்ள ஒரு புரதத்தால் மைனஸ் 2 டிகிரி வாக்கிலேயே அந்த வேலையைச் செய்துவிடும். அந்தப் புரதத்தை நீக்கிய பாக்டீரியாவை 1987-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரி, உருளைக்கிழங்கு வயல்களில் தெளித்துப் பார்த்தார்கள். மரபணு மாற்றிய உயிரியை அனுமதியோடு திறந்த வயலில் விட்ட முதல் சோதனைகள் அவை, பெரிய எதிர்ப்பும் வந்தது. அது தனிக்கதை, விட்டுவிடுவோம்.

வெளியே ஐஸ் வந்தாயிற்று, உள்ளே செல்லில் தண்ணீர் இன்னும் திரவமாகத்தான் இருக்கிறது. சவ்வு ஐஸை உள்ளே விடாது. ஆனால் ஐஸின் பக்கம் தண்ணீரை இழுக்கும் சக்தி அதிகம், எனவே உள்ளிருக்கும் தண்ணீர் சவ்வைத் தாண்டி வெளியே போய் ஐஸோடு சேர்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு போகும் என்று கணக்கே போடலாம். செல் சாறு மைனஸ் 1 டிகிரியில் உறையக்கூடிய செறிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், இலைகளுக்கு அது கிட்டத்தட்ட சரிதான். இலை மைனஸ் 2-க்குப் போனால் சாறு இரண்டு மடங்கு செறிவானால்தான் சமநிலை வரும், அதாவது பாதித் தண்ணீர் வெளியே. மைனஸ் 4 என்றால் முக்கால்வாசி வெளியே. மைனஸ் 10 என்றால் பத்தில் ஒன்பது பங்கு. ஆக உறைபனி என்பது செடிக்கு ஒரு கடும் வறட்சி, ஒரே ராத்திரியில் வந்து போகிற வறட்சி. செல் சுருங்கி ஒடுங்கிக் கிடக்கும்போது ஃப்ரீசர் பாட்டில் கணக்கு அங்கே பொருந்தாது, வெடிக்க உள்ளே அழுத்தமே இல்லை. வகுப்பில் சொன்னது எங்கே பொருந்தும் என்றால், மிக வேகமாகக் குளிர வைக்கும்போது. அப்போது தண்ணீருக்கு வெளியே போக நேரம் கிடைக்காது, செல்லுக்குள்ளேயே ஐஸ் விழும், விழுந்தால் அந்த செல் பிழைக்காது. ஆய்வுக்கூடத்தில் நிமிஷத்துக்குப் பல டிகிரி இறக்கினால் அது நடக்கும். தோட்டத்தில் மணிக்கு ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்குகிறது, பெரும்பாலும் நடக்காது.

சரி, வறட்சிதானே, காலையில் ஐஸ் உருகித் தண்ணீர் திரும்பி வந்தால் உருளையும் நிமிர வேண்டியதுதானே? இங்கேதான் சவ்வின் கதை. சவ்வு ரப்பர் மாதிரி இழுபடாது. அதன் பரப்பு இரண்டு மூன்று சதவீதம் கூடினாலே கிழிந்துவிடும். எனவே செல் சுருங்கும்போது உபரியாகிற சவ்வை எங்காவது வைக்க வேண்டும், உப்பும்போது அதை மறுபடி எடுத்து விரிக்க வேண்டும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்டெபோங்கஸ் என்பவர் ரை என்ற தானியப் பயிரின் இலையிலிருந்து செல் சுவரை நீக்கி, வெறும் செல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்து உறைய விட்டு, உருக விட்டுப் பார்த்தார். குளிருக்குப் பழகாத செடியின் செல், சுருங்கும்போது உபரிச் சவ்வைச் சின்னச் சின்னக் குமிழ்களாக உள்பக்கம் கிள்ளி விட்டுவிட்டது. அவை சவ்விலிருந்து அறுந்து தனியாகிவிட்டன. ஐஸ் உருகித் தண்ணீர் உள்ளே வந்ததும் செல் உப்ப ஆரம்பிக்கிறது, ஆனால் பழைய அளவுக்கு வருவதற்குள் சவ்வு தீர்ந்துபோய் டப்பென்று வெடித்துவிடுகிறது. பழகிய செடியின் செல் அதே சவ்வை வெளிப்பக்கம் மொட்டுகளாகத் தள்ளி வைத்திருந்தது, அறுத்துவிடவில்லை. உப்பும்போது அந்த மொட்டுகள் திரும்ப உள்வாங்கப்பட்டன, செல் முழுசாக நிமிர்ந்தது. வெடிப்பு என்று வகுப்பில் கேட்டது ஒரு விதத்தில் உண்மைதான், ஆனால் அது உறையும்போது நடப்பதில்லை, உருகும்போது நடக்கிறது.

இன்னும் குளிர்ந்தால் வேறொரு சேதமும் வரும். தண்ணீர் சுற்றிலும் இருப்பதால்தான் கொழுப்பு இரட்டை வரிசையாக நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா? முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் போய்விட்டால் செல்லின் சவ்வும் உள்ளுறுப்புகளின் சவ்வும் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டுகின்றன. சில இடங்களில் இரட்டை வரிசை குலைந்து குழாய் குழாயாக வேறு அமைப்புக்கு மாறிவிடுகிறது. அந்த இடத்தில் இனி தடுப்பு என்று ஒன்று இல்லை. ஐஸ் உருகினாலும் அது பழைய நிலைக்கு வராது, செல் உப்பக்கூட முயலாது, அப்படியே கசிந்து கிடக்கும்.

காலை வெயில் ஏறியதும் உங்கள் உருளை இலை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். முதலில் வெந்த கீரை மாதிரி கரும்பச்சையாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரிகிற மாதிரி இருந்திருக்கும், தொட்டால் ஈரம் ஒட்டும். காற்று இருக்க வேண்டிய இடைவெளிகளில் செல் சாறு வந்து நிரம்பியதால் வருவது அது. அதற்குச் சில மணி நேரம் கழித்துத்தான் கறுப்பு வரும். அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது தேயிலைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம், வேறு பெயரில். தேயிலை இலையில் கேட்டச்சின் முதலான பாலிபீனால்கள் வாக்குவோல் என்கிற பையில் ஒரு சவ்வுக்குள் அடைந்திருக்கின்றன. அவற்றைக் கறுக்க வைக்கும் நொதியான பாலிபீனால் ஆக்ஸிடேஸ் அதே செல்லில் வேறு சவ்வுக்குப் பின்னால், பசுங்கணிகத்தில் இருக்கிறது. ஃபேக்டரியில் இலையை ராத்திரி முழுக்க வாட வைத்து, சி.டி.சி. என்ற நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரத்தில் நசுக்கும்போது அந்தச் சவ்வுகள் எல்லாம் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. பச்சையாக விழுந்த தூள் சுமார் ஒரு மணி நேரத்தில் செம்பு நிறமாகி, வாசனையே மாறிவிடுவதைக் குன்னூர் ஃபேக்டரி எதில் நுழைந்தாலும் பார்க்கலாம். கிரீன் டீக்கு முதலிலேயே ஆவியிலோ சட்டியிலோ சூடு காட்டி அந்த நொதியைக் கொன்றுவிடுவதால்தான் அது பச்சையாகவே நிற்கிறது. பனி அடித்த கொழுந்திலும் அதே நொதி, அதே பாலிபீனால், நசுக்கியது மட்டும் இயந்திரம் இல்லை, ஐஸ். இதே வேலை உருளைக்கிழங்கு இலையிலும் நடக்கிறது. இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏற்றுமதிக்காரர்கள் ஃப்ராஸ்ட் டீ என்று விற்பது இந்தக் கருகிய இலையில் செய்ததில்லை. பனிக்காலக் குளிரில் மெதுவாக வளர்ந்த நல்ல கொழுந்தில் செய்தது அது.

மகனுக்கு இதைக் கண்ணால் காட்ட வேண்டும் என்றால் ஒரு பீட்ரூட் போதும். சின்னச் சதுரங்களாக ஒரே அளவில் வெட்டி, வெட்டிய முகத்தில் வழியும் சிவப்பு நிற்கும்வரை பல தண்ணீரில் அலசச் சொல்லுங்கள். பாதித் துண்டை ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு, மீதியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணீரில் தனித்தனியாகப் போட்டால், கீழ்த்தட்டுத் துண்டு கிடக்கும் தண்ணீர் வெகுநேரம் தெளிவாகவே இருக்கும். உறைந்த துண்டு போட்ட தண்ணீர் சில நிமிஷத்தில் சிவந்துவிடும். அந்தச் சிவப்பு நிறமி வாக்குவோலுக்குள் இருப்பது, அது வெளியே வர வாக்குவோல் சவ்வு, செல் சவ்வு இரண்டையும் தாண்ட வேண்டும். ஃப்ரீசரில் குளிர்வது தோட்டத்தைவிட வேகம், பல மடங்கு ஆழமும் கூட, எனவே சேதம் நடந்த வழி வேறாக இருக்கலாம், ஆனால் சவ்வு போனால் என்ன ஆகும் என்பது அதில் பளிச்சென்று தெரியும். ஆய்வுக்கூடத்தில் செய்வதும் இதுதான், நிறத்துக்குப் பதில் பொட்டாசியம் முதலான அயனிகள் எவ்வளவு கசிந்தன என்று தண்ணீரின் மின்கடத்தலை அளப்போம்.

ஆக, கேரட்டும் முட்டைக்கோஸும் எப்படித் தப்பித்தன? அவை ஒரே ராத்திரியில் தப்பிக்கவில்லை, நவம்பரில் நீர்ப்பனி ஆரம்பித்ததிலிருந்தே தயாராகிக்கொண்டிருந்தன. உறைநிலைக்கு மேலே, 10 டிகிரிக்குக் கீழே போய்வருகிற ராத்திரிகள் சில வாரம் தொடர்ந்தால், சில செடிகள் அதைச் செய்தியாக எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் மாறுகின்றன. சவ்வில் மடிப்புள்ள கொழுப்பு கூடுகிறது. செல் சாற்றில் சர்க்கரையும் புரோலின் என்ற அமினோ அமிலமும் ஏறுகின்றன, பனிக்கால முட்டைக்கோஸ் இனிப்பது அதனால்தான். சர்க்கரை ஏறினால் சாற்றின் செறிவு முதலிலேயே அதிகம், மேலே போட்ட கணக்கின்படி அதே மைனஸ் 2-ல் குறைவான தண்ணீரே வெளியே போகும். காய்ந்துபோன சவ்வோடு ஒட்டிக்கொண்டு காக்கும் டீஹைட்ரின் போன்ற புரதங்களும் சேர்கின்றன. கேரட்டில் இன்னொரு சிறப்பு: குளிருக்குப் பழகிய கேரட் கிழங்கில், ஐஸ் துகள்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகாமல் தடுக்கும் ஒரு புரதம் இருப்பதை 1998-ல் கண்டுபிடித்தார்கள். நாம் சாப்பிடுகிற உருளைக்கிழங்கு இந்தத் தயாரிப்பைக் கிட்டத்தட்டச் செய்வதே இல்லை. எத்தனை வாரம் குளிரில் நின்றாலும் மைனஸ் 2, 3 டிகிரியில் அதன் இலை போய்விடும். தென் அமெரிக்காவில் அதன் காட்டு உறவான சொலானம் கொமர்சோனி பழகிக்கொள்கிறது, அதனால் வகை உருவாக்குபவர்களுக்கு அதன் மேல் ஒரு கண் உண்டு. பீன்ஸும் உருளை மாதிரிதான். பழகுவதால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ரையே போதும், பழகாத இளம் பயிர் மைனஸ் 5 வாக்கில் செத்துவிடும், பழகியது மைனஸ் 20-க்குக் கீழும் பிழைக்கும்.

தேயிலை இரண்டுக்கும் நடுவில். சீன, ஜப்பானியக் குளிர்காலத்தில் அது நன்றாகவே பழகி, உறங்கி, பனியைத் தாண்டிவிடுகிறது. நம் மலையில் சிக்கல் என்னவென்றால் ஜனவரி ராத்திரி உறைகிறது, பகலில் 20 டிகிரி வெயில் அடிக்கிறது. பழகுவதற்குச் சில வாரம் பிடிக்கும், அது கலைவதற்குச் சில நாள் போதும். பகல் வெயிலில் துளிர்த்த இளம் கொழுந்து பழகாமலே இருக்கும், முதலில் அடிவாங்குவது அதுதான்.

இதுவரை சொன்னதில் சவ்வின் அமைப்பு, ஐஸ் வெளியே உருவாவது, தண்ணீர் வெளியேறுவது, பழகாத செல் உருகும்போது வெடிப்பது, இவையெல்லாம் உறுதியாக நிற்பவை. உறுதியில்லாதவையும் உண்டு. செடி குளிரை முதலில் எப்படி உணர்கிறது என்பது அதில் ஒன்று. சவ்வு இறுகுவதால் கால்சியம் கால்வாய்கள் திறந்து செய்தி போகிறது என்பதற்கு நல்ல ஆதாரங்கள் உண்டு, ஆனால் அது ஒன்றுதான் வழி என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. அதேபோல, உறையாத வெறும் குளிரிலேயே வாழை, தக்காளி கெட்டுப்போவதற்குச் சவ்வுக் கொழுப்பு ஒரேயடியாக இறுகுவதே காரணம் என்று 1970-களில் பலர் நம்பினார்கள். இப்போது அது கதையின் ஒரு பகுதி மட்டுமே என்று கருதப்படுகிறது. ஸ்டெபோங்கஸ் பார்த்தது செல் சுவர் நீக்கிய செல்லில் என்பதையும் மறக்கக் கூடாது. சுவரோடு இருக்கும் இலையில் அதே காட்சி அச்சாக அப்படியே நடக்கிறது என்று சொல்ல முடியாது, திசை மட்டும் சரி.

நம் ஊரில் எல்லோரும் சொல்கிற "வெயில் பட்டதும்தான் கருகுது, அதுக்கு முன்னால தண்ணி அடிச்சுப் பனியைக் கழுவிடணும்" என்பதும் இந்தச் சந்தேகப் பட்டியலில்தான் வரும். அதில் உண்மை இருக்கிறது: வெடிப்பு உருகும்போது நடக்கிறது, குளிர்ந்த இலையில் கடும் வெயில் விழுந்தால் ஒளிச்சேர்க்கை தடைபட்டு, உருவாகிற வீரியமான ஆக்சிஜன் சவ்வுக் கொழுப்பை அரிக்கவும் செய்யும். ஆனால் சவ்வு ராத்திரியே அறுந்து குமிழாகியிருந்தால், காலையில் எவ்வளவு மெதுவாக உருக விட்டாலும் அது திரும்ப ஒட்டாது. மெதுவாக உருகினால் சேதம் குறைகிறதா என்ற சோதனைகளில் செடிக்குச் செடி விடை மாறுகிறது. லேசாக அடித்த பனிக்குக் காலைத் தண்ணீர் கொஞ்சம் உதவலாம், கடும் பனிக்கு அதை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. ராத்திரியே ஸ்பிரிங்ளரை ஓட்டுவது வேறு விஷயம், அது நிச்சயம் வேலை செய்யும். தண்ணீர் ஐஸாகும்போது கிராமுக்கு 80 கலோரி சூட்டை விடுகிறது, அது இலையை 0 டிகிரிக்கு அருகிலேயே பிடித்து வைக்கும். ஆனால் உறைய ஆரம்பிக்கும் முன் தொடங்கி, காலையில் ஐஸ் உருகும்வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். நடுவில் மோட்டார் நின்றால், ஈரம் ஆவியாகி இலை இன்னும் குளிர்ந்து, போடாமலே இருந்திருக்கலாம் என்று ஆகிவிடும். ஜனவரியில் அவ்வளவு தண்ணீர் எல்லோரிடமும் இல்லை. சின்னத் தோட்டத்துக்குச் சாயங்காலமே காய்ந்த தாகைச் செடியோ சாக்கோ போட்டு மூடுவது இன்றும் நல்ல வழி, இலை வானத்துக்குச் சூடு விடுவதை அது தடுக்கிறது. ஜப்பான் தேயிலைத் தோட்டங்களில் கம்பத்தில் விசிறி வைத்து மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளுகிறார்கள். பொட்டாஷ் போட்டால் பனி தாங்கும் என்று கடைகளில் சொல்வதற்கு ஆதாரம் முன்னும் பின்னுமாக இருக்கிறது. மண்ணில் பொட்டாஷ் குறைவாக இருந்தால் பலன் தெரியும், போதுமான அளவு இருந்தால் மேலும் கொட்டுவதில் லாபம் இல்லை. டிசம்பரில் யூரியா போடாமல் இருப்பது அதைவிடப் பயனுள்ளது, அது பழகாத இளம் துளிரைத்தான் கூட்டும்.

கடைசியாக, கருகிய செடியை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய மேல்புறப் படத்தை வைத்து உயிர் இருக்கிறதா என்று சொல்ல முடியாது, கருத்த இலை திரும்ப வராது என்பது மட்டும் தெரிகிறது. தேயிலையை இப்போதே கவாத்து வெட்டிவிடாதீர்கள். குச்சியின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையும் ஈரமும் இருக்கும் இடம்வரை உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் கீழே போய் மறுபடி கீறுங்கள். பனிக்காலம் முடிந்து அரும்பு எங்கிருந்து விடுகிறது என்று தெரிந்த பிறகு அதற்கு மேலே வெட்டினால் போதும். இப்போது வெட்டினால் அடி இலைகளும் திறந்த வானத்துக்கு வந்துவிடும், புதுத் துளிர் வேறு அடுத்த பனிக்குப் பலியாகும். உருளையில் மண்ணுக்குள் இருக்கும் தண்டும் கிழங்கும் பெரும்பாலும் பிழைத்திருக்கும், மண் அவ்வளவு சீக்கிரம் உறையாது. இளம் பயிராக இருந்தால் கணுவிலிருந்து மறுபடி துளிர்க்கும், ஆனால் விளைச்சல் பிந்தும், குறையும். பாத்திக்குப் பாத்தி ஒன்றிரண்டு செடியின் அடித்தண்டில் மண்ணை விலக்கிப் பாருங்கள். கணுக்கள் வெள்ளையாகவோ பச்சையாகவோ விறைப்பாக இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் பொறுங்கள். கொழகொழவென்று இருந்தால் அந்தப் பாத்தியை விட்டுவிட்டு வேறு பயிர் யோசிப்பதே மேல். அந்தக் கணுவின் படம் கிட்டத்தில் எடுத்து இங்கேயே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.